டபராச் சத்தம்

டாக்டர் சொன்னபடி சுருள்கோடு வரைந்தேன், நெளிந்தது. "சும்மா இருக்கும்போது நடுங்காது, எதையாவது பிடித்தால்தான் நடுங்கும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார்.

காதில் டபரா கிணுகிணுத்தது. அப்போது எனக்கு ஏழு வயது. கரமனை வீட்டில் அத்தையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவள் கொண்டுவந்த காப்பி டம்ளர் டபராவில் ஆடியது. "பாவம், பேடிச்சு நடுங்கறா," என்றார் மாப்பிள்ளை. அது பயம்தானா என்று அதன்பின் அத்தையின் கையையே பார்த்தேன். மடியில் கிடந்தபோது ஆடவேயில்லை.

அன்று மாப்பிள்ளையாக வந்த அத்திம்பேரோ கடைசிவரை அந்தச் சத்தம் கேட்டதும், அவள் பயப்படுகிறாள் என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

டாக்டரிடமிருந்து வெளியே வந்ததும் அத்தைக்குப் போன் செய்தேன். "அது பயம் இல்லையாம் அத்தை, நரம்புக் கோளாறாம்."

அத்தை சிரித்தாள். "பயமில்லேன்னு எனக்குத் தெரியாதா? நல்ல வேளை, அவர் இருந்தவரைக்கும் எந்த டாக்டரும் சொல்லலே, கேட்டோ."