பாட்டுக்காரனை நடுவில் இருத்துவது

கார்களுக்கும் வான்களுக்கும் பாட்டுச் செற் பூட்டுவது என் தொழில். எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக வாங்கிய வாகனம் முதலில் கோயிலுக்குப் போய்த் தேசிக்காயை நசுக்கும், பிறகு நேரே என்னிடம் வரும். கொழும்புத்துறையில் வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் என் கடை. செற்றை யாரும் பூட்டலாம். பாட்டுக்காரனைக் கொண்டுவந்து நடுவில் இருத்துவதுதான் வேலை. ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருக்கிறார். வலக் கதவு ஸ்பீக்கர் அவருடைய முழங்காலோடு நிற்கிறது, இடக் கதவு ஸ்பீக்கர் எட்டத்தில் நிற்கிறது. கிட்ட உள்ள சத்தம் முந்திக்கொள்ளும். அப்படியே விட்டால் பாட்டுக்காரன் வலக் கதவுக்குள் அடைபட்டுக் கிடந்து பாடுவான். அதனால் ஓட்டுகிறவரின் தலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளவு நாடா பிடித்துத் தூரம் அளந்து, கிட்ட உள்ளதைச் செக்கனில் மிகச் சிறிய ஒரு பங்கு பிந்த வைப்பேன். இரண்டும் ஒன்றாக வந்து சேரும்போது குரல் கதவை விட்டு எழும்பி, முன் கண்ணாடிக்குக் கீழே நடுவில் வந்து இருக்கும். நாடா முக்கால்வாசி வேலையைச் செய்யும். மிச்சத்துக்குக் காது வேண்டும்.

என் இடக்காது போய்க்கொண்டிருந்தது. தொலைபேசியை இடப்பக்கம் வைத்தால் மறுமுனையில் இருப்பவர் போர்வைக்குள் இருந்து கதைப்பதுபோல் கேட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் போக வேண்டும், டொக்டர் ஏதாவது சொல்லிவிடுவார். வேறு தொழில் எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்திருக்க மாட்டேன். எழும்புவேன், நடப்பேன், இடக்காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்ப்பேன், திரும்ப இருப்பேன்.

கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தம்பி, ஜப்பானில் ஓடிய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். முழு நாளும் மினக்கெட்டுச் செய்து கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே கார் திரும்பி முற்றத்தில் நின்றது.

“அண்ணை, பாட்டுக்காரன் பக்கத்துச் சீற்றிலை ஏறி இருக்கிறான். பிறகு என்ரை மனிசி எங்கை இருக்கிறது?”

“போய்க் காதைக் கழுவிப்போட்டு வாரும்!” என்று சீறினேன்.

அவன் சிரித்தான். “நான் கழுவினால் மட்டும் அவன் இறங்குவானே? பின்னேரம் வாறன், பாத்து வையுங்கோ.” கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஓட்டுகிற சீற்றில் ஏறி இருந்து கேட்டேன். எனக்குக் குரல் நடுவில்தான் நின்றது. செற்றில் வைத்த அளவுகளைத் தட்டிப் பார்த்தேன். நாடா சொன்ன அளவைவிட வலப்பக்கத்தை அளவுக்கு மிஞ்சிப் பிந்த வைத்திருந்தேன், இடப்பக்கச் சத்தத்தையும் கூட்டியிருந்தேன். என் காதில் இருந்த பள்ளத்தை அவனுடைய காரில் நிரவியிருக்கிறேன். நாடா சொன்னபடி திருப்பி வைத்தேன். உடனே எனக்குக் குரல் வலக் கதவுக்குள் விழுந்தது. என் காதுக்குப் பிழையாகக் கேட்பதைச் சரி என்று சொல்லிக் காரைக் கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு செய்ததுதான் முழு விசர் வேலை. இடக் கதவின் உள்மூடியைக் கழற்றி, ஸ்பீக்கரின் பிளஸ் வயரையும் மைனஸ் வயரையும் மாற்றிக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். குரலுக்கு இடமே இல்லாமல் போகும், கூரை, கண்ணாடி, பிடரி என்று எங்கும் பரவி நிற்கும். பக்கத்துச் சீற்றில் இருக்கிறான் என்று இனி எவனும் சொல்ல முடியாது! கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு பாட்டில் தவில் வந்தது. அடிச்சத்தம் செத்துப்போய், யாரோ பிஸ்கற் தகரத்தில் தட்டுவதுபோல் இருந்தது. வயரைத் திருப்பி மாற்றினேன். மனம் கேட்காமல் இன்னொருமுறை மாற்றினேன். ஆணி ஒன்று சீற்றுக்கு அடியில் உருண்டு போனது. அதைத் திட்டிக்கொண்டு குனிந்தபோது மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

“உந்தக் கதவோடை என்ன சண்டை?”

அவள் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். பக்கத்தில் யாருடைய சுருதி விலகினாலும் முகத்தைச் சுளிப்பாள். வயரை ஒழுங்காகப் பூட்டிவிட்டுச் சொன்னேன்: “ஒண்டுமில்லை. ஓட்டுற சீற்றிலை ஏறி இரும். கண்ணை மூடிக்கொண்டு, குரல் எங்கையிருந்து வருதோ அங்கை விரலைக் காட்டும். வேறை ஆளின்ரை காதாலையும் ஒருக்கா பாக்க வேணும்.”

நான் பக்கத்துச் சீற்றில் இருந்து, முதல் நாள் வைத்த அளவைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அவள் விரல் என் நெஞ்சைக் காட்டியது. கொடிகாமத்தான் சொன்னது சரி. கொஞ்சம் கொஞ்சமாக நாடாவின் அளவுக்குப் போனேன். விரலும் மெல்ல நகர்ந்து முன் கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றது.

“இதிலை நிக்குது. வடிவா நிக்குது,” என்றாள். கண்ணைத் திறந்தாள். “இப்ப நீங்கள் வந்து இருந்து காட்டுங்கோ.”

இடம் மாறி இருந்தோம். கண்ணை மூடினேன். குரல் வலக் கதவுக்குள் கிடந்தது. நான் நடுவைக் காட்டினேன்.

“பொய்,” என்றாள். பாட்டை நிறுத்தினாள். “போன மாரியிலிருந்து நான் உங்கடை வலப்பக்கமாத்தானே நடக்கிறன். சந்தைக்குப் போனாலும், செத்தவீட்டுக்குப் போனாலும். அதுகூட உங்களுக்குத் தெரியேல்லையே?”

தெரியவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் கோபம் வந்தது, இரண்டும் அடங்கியபின் வெறும் பயம்தான் மிஞ்சியது. தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது, அதைக் குடித்தேன்.

பின்னேரம் வந்த தம்பி ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, “காது எண்டால் அண்ணையின்ரை காதுதான்,” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். மனைவி என்னைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கிழமை என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கிற பிள்ளை ஒருத்தி பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தாள். மனைவி அவளுக்குப் பின்னால் நின்றாள். வலக்காது முடிந்து இடக்காது தொடங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தும்போது அந்தப் பிள்ளையின் தோள் கொஞ்சம் அசைவதைக் கண்டுகொண்டேன். கையை உயர்த்தினேன். தோள் திரும்ப அசைந்தது, நானும் திரும்ப உயர்த்தினேன்.

மனைவி சுற்றி வந்து கதவைத் திறந்தாள். என்னை எழுப்பி, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, இருத்திவிட்டுப் போனாள். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். கை மடியிலேயே கிடந்தது.