யாரும் சேர்ந்து பாடாத பாட்டு

இதை எழுதிக் காட்டினால் என் தம்பியே சிரிக்கிறான். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த மாடி அறையில் அவன் இல்லை, நான் இருந்தேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டி எழுதவில்லை.

நானும் என் மனைவி வின்னியும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியின் நாட்டுப்புறப் பாட்டு கிளப்புகளில் ஜோடியாகப் பாடுகிறவர்கள். நான் கான்செர்டினா என்ற கைத்துருத்திப் பெட்டி வாசிப்பேன், கூடவே பாடுவேன். ஆனால் கூட்டம் வருவது அவள் குரலுக்குத்தான். போன வருடம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் திரும்புமா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்தோம். ஒரு வழியாகத் திரும்பியது. அதன் பிறகு அவள் முதன்முதலாகப் பாட வந்தது ஹாக்ஸ்கில் கிராமத்து பப்பின் மாடியில்.

வியாழக்கிழமை. பனி கொட்டியதால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். கிளப்பை நடத்தும் ஹில்டா படிக்கட்டிலேயே நின்றிருந்தாள்.

"என்னய்யா நாரிஸ், உருண்டு உருண்டா வந்தே? ஆமை முந்தியிருக்கும்! ஏறு, ஏறு. வின்னி, நீ பாத்து வாம்மா."

புது ஊரில் பாடுமுன், 'இந்தப் பாட்டு இங்கே யாருக்காவது சொந்தமா' என்று கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஓர் ஊரில் ஒருவர் பாடிவரும் பாட்டை வந்தவர்கள் தொடக்கூடாது. அவசரத்தில் கேட்க மறந்தேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால்...

முதல் இரண்டு பாட்டுக்கும் அறை அதிர்ந்தது. பல்லவி வந்தால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடும், பீர் குவளையும் கையுமாக. வின்னியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

மணி ஒன்பதரை. பனியில் வழிதவறிய மேய்ப்பனின் பாட்டைத் தொடங்கினோம். ஒரு பழைய கேசட்டில் கேட்டுப் பழகியது.

பல்லவி வந்தது.

"கதவைத் திற, பெண்ணே, கதவைத் திற..."

ஒருவர்கூடப் பாடவில்லை.

எல்லோர் வாயும் இறுக மூடியிருந்தது. முன்வரிசைக் கிழவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாம் பல்லவி. கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் சேர்ந்தது. ஆண்குரல். கரகரவென்று, ஈரமாக... அங்கே காலி நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

பெட்டியை நிறுத்தினேன். வின்னி நிறுத்தவில்லை. அவளால் முடியவில்லை. கண்கள் என்னைக் கெஞ்சின.

குரல் நகர்ந்தது.

நடுவரிசைக்கு...

மேடைக்கு...

அவள் காதருகே...

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

வின்னி என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கீழே கல்லாவில் இருந்த ஹில்டா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அது ஈனாக் பாட்டுய்யா! கேட்டுட்டுப் பாட மாட்டே?"

"யாரு ஈனாக்?"

"அந்த நாற்காலிக்காரன். அந்தப் பாட்டைப் பாடிட்டு வீட்டுக்குப் போனவன், வழியிலேயே பனியில விறைச்சுச் செத்தான். அப்புறம் அவன் தம்பி இங்க அதைப் பாடினான். அன்னையிலேருந்து ஊமை. கூடச் சேர்ந்து பாடினா எங்களுக்கும் அதே கதிதான்."

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். இரண்டு மாதமாக வின்னியிடமிருந்து ஒரு சத்தம் இல்லை.

போன வியாழன். ஒன்பதரை மணிக்கு ஹில்டா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வின்னி எங்கய்யா?"

"எதிர்லதான். உருளைக்கிழங்கு சீவிக்கிட்டு இருக்கா. ஏன்?"

"விளையாடாதே நாரிஸ்... மாடியைப் பூட்டிப் போட்டாச்சு. உள்ள யாரும் இல்ல. நீயே கேளு."

போனைக் கதவில் வைத்தாள் போல.

முதலில் அந்த ஈரக் குரல்.

அதோடு சேர்ந்து...

வின்னி.

ஆபரேஷனுக்கு முந்தைய குரல். நான் மயங்கிக் கல்யாணம் செய்துகொண்ட அதே முழுக் குரல்.

"கதவைத் திற, பெண்ணே..."

எதிரில் என் மனைவியின் கத்தி தரையில் விழுந்தது. பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள்.

அப்போதுதான் தெரிந்தது.

பல்லவியை நானும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன்.