அம்மா பேசிய கேசட்

எண்பதுகளில் துபாயில் வேலை பார்த்த அண்ணன், லீவில் வந்தபோது ஒரு டேப்ரெக்கார்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். எழுதத் தெரியாத அம்மா இனி கேசட்டில் பேசி அனுப்பலாம் என்பது ஏற்பாடு. அதை இயக்குவது என் பொறுப்பு. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் கேசட் வாங்கி வருவதும் நான்தான்.

அம்மா பேசினால் பாதி கேசட் வெறுமனே ஓடும். "ஏலே, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, "அங்கன மழை உண்டுமா?" மறுபடியும் மௌனம்.

"டேப் வீணா ஓடுதும்மா, பேசு" என்று எரிந்து விழுவேன்.

"சும்மா இரு ஏட்டி. அவன் பதில் சொல்லாண்டாமா?"

இவளைத் திருத்த முடியாதென்று, அடுத்த முறை அவள் வாய் மூடும்போதெல்லாம் ஓசையில்லாமல் டேப்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். பருத்தி வெடித்தது முதல் பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதுவரை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனின் கேசட் வந்தது. அம்மாவை உட்காரவைத்துப் போட்டேன்.

"ஏம்மா, எம்மேல எதுவும் கோவமா? சாப்பிட்டியான்னு கேக்குற, என்னைப் பதில் சொல்ல விடாம நீ பாட்டுக்குப் பேசிட்டே போற?"

கேட்டுவிட்டு அவனும் பேசாமல் இருந்தான். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு பெட்டியிடம் சொன்னாள்:

"எனக்கென்னலே கோவம்? இந்தக் கழுததான் நடுவுல என்னமோ பண்ணியிருக்கா."