சங்கரன் நாடகத்தில் இறந்தவன் யார்?

மயிலாப்பூரில் சித்திரைக் குளத்தருகே குடியிருந்த கோர்ட்டுக் குமாஸ்தா சங்கரனுக்கு, நாடகாசிரியர் என்று பெயரெடுக்கும் ஆசை இருந்தது. அதற்கு வேண்டிய மற்றவை ஒன்றும் இருக்கவில்லை. 1928ஆம் ஆண்டில் அரசகுலக் கதையொன்றை ஐந்து அங்கங்களாக எழுதி முடித்தார். உள்ளூர்ச் சபா அதை ஒருமுறை மேடையேற்ற இசைந்தது. கூட்டம் கடைசிவரை கலையாதிருந்தால் மறுமுறையும் ஆடலாம் என்றார் காரியதரிசி சுப்பராமன்.

எழுதியது தெளிவுபெறப் பிறர் கருத்தைக் கேட்பது நல்ல வழக்கம். சங்கரனும் கேட்டார். ஞாயிறுதோறும் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, "குற்றங்குறை இருந்தால் கூசாமல் சொல்லணும்" என்று கைகூப்பிவிட்டுப் படிப்பார். புகழ்ந்தவர் இலைக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் மறுபடி வரும். குறை சொன்னவருக்கு வெற்றிலைத் தட்டு வரும். எழுந்து போகலாம் என்பது அதன் பொருள். மயிலாப்பூரின் நீண்ட நாக்குகளும் இப்பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டன.

அதே கோர்ட்டில் வேலை பார்த்த அப்துல் கஃபார் மட்டும் கற்கவில்லை.

"ஐயரே, ரெண்டாம் அங்கத்துல ஒருத்தன் செத்துப்போறானே, அவன் ராஜாவா, தம்பியா? ரெண்டு பேரையும் பிரபுன்னே கூப்பிடறாங்க."

"ரசிகனுக்குத் தெரியும், காணும்."

"எனக்குத் தெரியலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கஃபார் வெற்றிலைத் தட்டைத் தாமே அருகில் இழுத்துக்கொண்டார். "தலையாட்டினவங்களையும் கேட்டுப் பாருங்களேன்."

தலையாட்டினவர்கள் வாயில் பஜ்ஜி இருந்தது.

நாடகத்தன்று இரண்டாம் அங்கத்தில் ஒருவன் குத்துண்டு விழுந்தான். தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "நைனா, செத்துப் பூட்டது யாரு?" அண்ணன் என்றார் ஒருவர், தம்பி என்றார் இன்னொருவர். அவர்கள் சண்டையிட, மற்றவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

மறுமுறை மேடையேறும் வாய்ப்பு கண்ணெதிரே கலைவதைத் திரைமறைவிலிருந்து கண்ட சங்கரன், மேடைக்குப் பாய்ந்தார். "இறந்தவர் மன்னர். கொன்றவன் தம்பி. இனி அவனே அரசன்."

கூட்டம் கைதட்டி உட்கார்ந்தது. அதன்பின் அவரை விடவில்லை. காட்சிக்குக் காட்சி கூப்பிட்டு விளக்கம் கேட்டது. கடைசிவரை ஒருவரும் எழவில்லை.

முடிந்ததும் சுப்பராமன் வந்தார். "அடுத்த மாசமும் வச்சுக்கலாம், ஓய். ஆனா நாடகம் வேண்டாம். நீர் மட்டும் வந்து கதையைச் சொல்லிட்டுப் போம். வேஷக்காராளுக்குக் கொடுக்கறதும் மிச்சம்."

"நடிச்சவாதான் என் எழுத்தைக் கெடுத்துட்டா" என்றார் சங்கரன்.

சுப்பராமன் விளக்குகளை அணைக்கச் சென்றார்.