சமீருக்குச் சொல்ல வேண்டியது

அப்பாவின் காரியம் முடிந்து சில வாரங்களில், மேட்டூர் அணை திறந்த அன்று, அவருடைய போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. முர்ஷிதாபாத்திலிருந்து சமீர். நடவுக்கு ஆள் கூட்டி வருபவர். முழுக்க வங்காளம். எனக்குப் புரியவில்லை.

"டிக்கெட் போடறதுக்குள்ள சொல்லிடு தம்பி," என்றாள் அம்மா. "யாரை நம்பி வருவாங்க அவங்க?"

அப்பா இளையபெருமாள் குத்தாலம் பக்கம் குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். தாத்தா அதே வயலில் பண்ணையாள். அவரை எல்லோரும் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். உள்ளூரில் நடவுக்கு ஆள் கிடைக்காமல் வங்காளத்து ஆட்கள் வரத் தொடங்கியபோது அப்பாவுக்கு ஐம்பது வயது. அவர்கள் சமைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து, அரிசி, உப்பு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மொழியைப் பிடித்தார். சுற்று ஊர்களுக்கெல்லாம் ஆள் அமர்த்தித் தருபவர் ஆனார். நான் பொறியியல் படித்தது அந்த வருமானத்தில்.

வங்காளத்திலும் அவர் ‘ங்க’ சேர்ப்பார். ‘ஏஷோ’ என்றால் வா. அவருக்கு அது ‘ஏஷோங்க’.

"அவங்களே கேட்டுச் சிரிக்கிறாங்க, விடுங்களேன்," என்பாள் அம்மா.

"சிரிக்கட்டும் அம்சம். மொட்டையா வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல."

சமீருக்குப் படிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியின் இயந்திரக் குரலில் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவின் பழைய குரல் செய்திகளை வேகம் குறைத்துக் கேட்டேன். ‘நேய்’ என்றால் இல்லை. தண்ணீர் நேய், மழை நேய் என்று அடிக்கடி சொல்லியிருந்தார். தாத்தாவைப் பற்றிய பேச்சில் ‘பாபா’ கிடைத்தது, அப்பா என்று பொருள். அவர் உச்சரித்தபடியே பழகினேன். பிறகு அவருடைய போனிலிருந்தே அழைத்தேன்.

"பாபா நேய்," என்றேன்.

சமீர் மிகுந்த பரிவோடு பேசினார். ‘இளையபெருமாள் தாதா’ என்று திரும்பத் திரும்ப வந்தது. தாதா என்றால் அண்ணன். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. என்னை அப்பா என்றே நினைத்துவிட்டார். தகப்பனை இழந்ததற்காக அப்பாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இளையபெருமாள் நேய்," என்றேன்.



"கே?" என்றார் சமீர். யார் என்று.

நான் யார் என்று சொல்ல அப்பாவின் செய்திகளில் கேட்ட ஒன்றுதான் இருந்தது. எனக்கு வேலை கிடைத்தபோது அவர்களுக்குச் சொன்னது. ‘என் மகன்’.

"ஆமார் ச்சேலேங்க," என்றேன்.

சமீர் அழத் தொடங்கினார்.