ராயப்பராஜுக்கு மிஞ்சிய தடம்

கரட்டடிப்பட்டியிலிருந்து வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குச் சைக்கிள் மிதித்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்த காலம் அது. ஊர்க்கோடியில் பக்ருதீனின் சைக்கிள் கடை. கடைக்கு எதிரே வண்டிப்பாதை மூன்றாகப் பிரியும். வலது கைப் பக்கம் போனால் கரட்டுத் தடம். பாறைமேல் ஏறி இறங்கினால் ஆறு கிலோமீட்டரில் மில் வாசல். நடுவில் போவது ஓடைத் தடம். ஏழு கிலோமீட்டர், பாதி மணல், பாதி வேலிக்கருவை முள். இடது பக்கம் குளக்கரைத் தடம். ஒரு தென்னந்தோப்பைக் குறுக்கே கடந்து குளத்தங்கரையில் ஏறி, மேடு பள்ளம் இல்லாமல் ஒன்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகும். தார் ரோடும் ஒன்று இருந்தது. பதினேழு கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவே. அதை யாரும் தடம் என்று சேர்த்துக்கொள்வதில்லை.

ஒரு ஆள் எந்தத் தடத்துக்காரர் என்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் தடம் மாற மாட்டார். மற்றவன் தடத்தைப் பழிப்பதும் தன் தடத்தைப் புகழ்வதும் பக்ருதீன் கடையில் காற்றடிக்கும் நேரத்துப் பேச்சு. இதில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தன் தடத்தில் விழுந்தவன் அதை வெளியே சொல்ல மாட்டான். முழங்கை சிராய்த்து வந்தால் மாடு இடித்தது என்பான். பல் ஆடினால் வீட்டு நிலைப்படி என்பான். ஓடைத் தடத்துக்காரரான முனியப்பன் ஒருமுறை முள்ளில் விழுந்து முதுகெல்லாம் கீறிக்கொண்டு வந்தபோது, பூனை பிறாண்டிவிட்டது என்று சொன்னார். அவர் வீட்டில் பூனை கிடையாது.

ராயப்பராஜ் கரட்டுத் தடத்துக்காரர். மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரத்தை ஓட்டுகிற சைடர். அறுந்த இழையை நடந்துகொண்டே ஒட்டுவதில் அவருக்கு இணை அந்த ஷிப்டில் இல்லை. கரட்டில் ஏறுவதிலும் அப்படியே. எங்கே சீட்டைவிட்டு எழுந்து மிதிக்க வேண்டும், எந்தப் பாறையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவர் கால் அறியும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைக் கரட்டுப் பக்கம் இழுப்பது அவர்தான். கிளெமென்ட் அப்படி வந்தவன்.

"குளக்கரைத் தடமா? அதுல தூங்கிக்கிட்டே போகலாம்ப்பு. சைக்கிளே வேண்டாம், கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போகலாம்" என்பார் ராயப்பராஜ். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கரட்டின் பின்னிறக்கத்தில் அவர் விழுந்தார். விடிகாலை, மில்லுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். இடது முட்டி பாறையில் அடித்துச் சில்லு உடைந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து அடிவாரத்துக் கிணறுவரை வந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஆட்கள் பார்த்தார்கள்.

"என்னண்ணே ஆச்சு?" என்று கிளெமென்ட் ஓடி வந்தான்.

"தண்ணி மோக்கப் போனேன்ப்பு. கிணத்துப் படியில பாசி" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் அப்படியே சொன்னார். சீட்டில் அப்படியே எழுதினார்கள். மனைவி சகாயசெல்விக்கு மட்டும் உண்மை தெரியும். வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறவர் ஊரான் கிணற்றில் எதற்கு இறங்கப் போகிறார் என்று அவள் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முட்டி கூடியது, மடங்கவில்லை. கால் உலக்கையாகவே நின்றுவிட்டது. ஐந்து மாதம் கழித்து மில்லில் பழைய வேலைக்கு எடுக்கவில்லை. இரக்கப்பட்டு, உட்கார்ந்து நூல் கோன்களுக்குக் காகிதம் சுற்றும் வேலை கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று நாள் நேரம் தப்பி வந்தால் அட்டையை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் மடங்காத காலோடு இன்னொரு மில் வாசலில் போய் நிற்க முடியாது. அது அவருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

பக்ருதீன்தான் வழி கண்டுபிடித்தார். இடது பெடலைக் கழற்றிவிட்டு, நீட்டிய காலை வைத்துக்கொள்ள முன்பக்க பாரில் ஒரு இரும்புக் கட்டையைப் பற்றவைத்தார். வலது பெடலில் டியூபைக் கிழித்து ஒரு வார் கட்டினார். ஒற்றைக் காலால் அழுத்தவும் வேண்டும், அதே காலால் மேலே இழுக்கவும் வேண்டும். சமதரையில் அது ஓடும். சிறு மேடு வந்தாலும் பெடல் பாதியில் நின்றுபோகும்.

சமதரை என்றால் குளக்கரை. வேறு இல்லை.

முதல் நாள் அவர் இடது பக்கம் திரும்பியபோது கடையில் இருந்தவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள்.

"ஏலே, கட்டிலு போகுது பாருங்கடா" என்றார் முனியப்பன்.

ராயப்பராஜும் சிரித்தார். சிரிப்பதைத் தவிர என்ன செய்ய முடியும்? பிறகு ஏறக்குறைய நாலு வருஷம், மழையோ வெயிலோ, அந்தத் தடம் அவரை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மில் வாசலில் கொண்டுபோய் விட்டது. அதில் சைக்கிளில் போக அவரோடு சேர்ந்து நாலைந்து பேர்தான் இருந்தார்கள். ஒவ்வொருவராக டி.வி.எஸ். வாங்கிக்கொண்டு தார் ரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் தென்னந்தோப்பு கைமாறியது. வாங்கியவர் வெளியூர். தோப்பைச் சுற்றிக் கல்தூண் நட ஆரம்பித்தார். தடம் புகுந்து வெளியேறும் இரண்டு இடம் தவிர எல்லாப் பக்கமும் கம்பி கட்டியாயிற்று. அந்த இரண்டு இடத்திலும் தடத்தின் குறுக்கே தூணுக்குக் குழி மட்டும் தோண்டிக் கிடந்தது. தோப்புக் காவலுக்கு இருந்த பெருமாள்சாமியிடம் ராயப்பராஜ் கேட்டார்.

"என்னையக் கேட்டா நான் என்னங்க சொல்றது? தாலுகா ஆபீசுல சொல்லி நிறுத்துங்க. பொதுத்தடம்னு எழுதிக் குடுத்தாங்கன்னா முதலாளி விட்டுத்தானே ஆகணும்" என்றார் பெருமாள்சாமி. அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், நல்ல மனுஷர்.

ராயப்பராஜ் மனு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போனார். ஒருவரும் மறுக்கவில்லை. முப்பத்தெட்டுக் கையெழுத்து. கிளெமென்ட் தன் பெயருக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தான். முனியப்பன் கையெழுத்தும் போட்டு, பத்தாததற்குக் கைநாட்டும் வைத்தார்.

"உனக்கு இல்லாத தடமா மாப்ள? ஆளு வரட்டும், நாங்க பேசிக்கிடுறோம்" என்றார்.

ஆள் வந்தார். வருவாய் ஆய்வாளர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் விட்டு எல்லோரும் கடைமுன் கூடுகிற நேரமாகப் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார். பக்ருதீன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஆய்வாளர் பொறுமையான மனிதர். மனுவைப் படித்துவிட்டு, "மில்லுக்கு எல்லாரும் இந்தத் தோப்பு வழியாத்தான் போறீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராயப்பராஜ் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

கிளெமென்ட்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான் கரட்டு வழிங்க சார். ஆறே கிலோமீட்டரு. இருபது நிமிசத்துல மில்லு."

"அட, கரட்டுல போனா டயரு ரெண்டு மாசம் தாங்காது சார்" என்றார் முனியப்பன். "ஓடைத்தடம் இருக்கு பாருங்க, கோடையில மெத்தை மாதிரி இருக்கும். நெழலு வேற."

"முள்ளு நெழலு" என்றான் கிளெமென்ட்.

"நீ பேசாதடா. ஒங்க பாறையில போனவன் ஒருத்தனாவது இடுப்பு நோகாம வந்திருக்கானா?"

"சார், எங்க தடத்துல இதுவரைக்கும் ஒருத்தர் விழுந்ததில்ல. எழுதிக்கிடுங்க."

கூட்டம் சூடு பிடித்தது. வருஷக்கணக்காகக் காற்றடிக்கும் நேரத்தில் பேசிய பேச்செல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆய்வாளர் கையை உயர்த்தினார். "சரி, சரி. இந்தக் குளக்கரை வழி எப்படி?"

"அதுக்கென்ன சார், சுத்து" என்றார் ஒருவர். "வேலையத்தவன் போறது" என்றார் இன்னொருவர். யாரோ கட்டில் கதையைச் சொல்ல, ஆய்வாளரும் சிரித்துவிட்டார்.

ராயப்பராஜ் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சார், இவங்களுக்கு மூணு தடம். எனக்கு ஒண்ணுதான். கரட்டுல நல்ல காலுக்காரன் போறதே கஷ்டம். நானே அங்கதான் விழுந்தேன். இந்தக் காலு அங்கதான் போச்சு."

காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவன் பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

கிளெமென்ட் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அண்ணே, கிணத்துப் படியிலன்னுதானே சொன்னீங்க? நான்தானே ஒங்களைத் தூக்குனேன்?"

"அது அப்பச் சொன்னதுப்பு."

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

சீட்டு மனுவோடு இணைத்தே இருந்தது. கால் ஊனம் என்பதற்கு ஆதாரமாக அவரே பத்திரமாக ஒட்டிவைத்தது. ஆய்வாளர் புரட்டி, கிணற்றுப்படி என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஜீப் போனபிறகு முனியப்பன் வந்து தோளில் கைபோட்டார். "நாங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலையே மாப்ள? உள்ளதைத்தானே சொன்னோம்."

உள்ளதைத்தான் சொன்னார்கள். அதனால் ராயப்பராஜுக்குக் கோபப்படவும் தோன்றவில்லை.

தை மாதம் தபால் வந்தது. சகாயசெல்வி எழுத்துக்கூட்டி வாசித்தாள். மில் தொழிலாளர்கள் அவரவர் விருப்பப்படி வேறு தடங்களைப் பயன்படுத்தி வருவதாலும், மேற்படி தோப்பு பட்டா நிலம் என்பதாலும் மனு ஏற்கப்படவில்லை.

"விருப்பப்படின்னு போட்டிருக்காக" என்றாள். "யாரு விருப்பமாம்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குழிகளில் தூண் நின்றது. ஆள் நுழைய ஒரு சந்து விட்டிருந்தார்கள். சைக்கிள் நுழையாது. அவரால் தூக்கிப் போடவும் முடியாது. பெருமாள்சாமி தலையைக் குனிந்துகொண்டு கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே கிளெமென்ட் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நான் ஒங்களைக் கேரியர்ல ஏத்திக்கிட்டுப் போறேன். கரட்டுத் தடம் மாதிரி வருமா?" என்றான். மறுநாள் போனார்கள். பாறை இடுக்கில் சைக்கிள் திரும்பியபோது நீட்டிய கால் பாறையில் இடித்தது. நாலு இடத்தில் இறங்கி, கிளெமென்ட் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. ஏழு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நேரம் தப்பியதற்கு இரண்டு பேர் அட்டையிலும் சிவப்பு மை.

"நான்தான் சொன்னேன்ல, கரடு ஒத்துவராதுன்னு" என்று முனியப்பன் அடுத்த நாளைக்கு அவரை ஓடைவழி கூட்டிப்போனார். மணலில் இரண்டு பேர் பாரத்துக்குச் சக்கரம் அமுங்கியது. முனியப்பன் தள்ள, ராயப்பராஜ் பின்னால் காலை இழுத்தபடி மணலில் நடந்தார். முனியப்பன் மூச்சு வாங்க வாங்க, கோடையில் வந்து பார் மாப்ள, மெத்தை மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு ஐம்பது. இரண்டாவது சிவப்பு மை.

மூன்றாம் நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோழி கூவுமுன் புறப்பட்டுத் தார் ரோட்டில் தனியாகப் போனார். சமதரையில் பாதகமில்லை. நெடுஞ்சாலை ஏற்றத்தில் பெடல் நின்றது, இறங்கித் தள்ளினார். லாரிக் காற்றில் இரண்டுமுறை மண்ணில் ஒதுங்கினார். நல்ல கால் தொடையில் பிடித்துக்கொண்டது. ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து தேய்த்துவிட்டு மறுபடி ஏறினார். மில் சங்கு ஊதியபோது புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தார். வாசலுக்கு வந்தபோது ஏழு இருபது.

டைம் ஆபீஸில் இருந்தவர் வேடசந்தூர்க்காரர், பழகிய ஆள். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை. இழுப்பறையில் போட்டுவிட்டு, "இன்னிக்கு எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார்.

"தார் ரோட்டு வழியா."

"அடடா. அது தப்பு. எரியோடு ரோட்டைப் பிடிச்சு, கோயில் பக்கமா மண்ரோட்டுல திரும்பியிருக்கணும். என் மச்சினன் அப்படித்தான் வாரான், ஜம்முன்னு" என்றார். காகிதத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினார். ராயப்பராஜ் அதைக் கேட்டுக்கொண்டார். எதிரே நின்றுகொண்டு கேட்காமல் எப்படி இருப்பது?

வெளியே வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். வலது தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. வந்த பதினேழு கிலோமீட்டரைத் திரும்ப மிதிக்க அந்தக் காலில் சத்து இல்லை. மற்ற வழி எதிலும் அவரால் தனியாகப் போக முடியாது. வாசல் பக்கத்துச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார். சகாயசெல்வி கட்டிக் கொடுத்த சோற்றைப் பன்னிரண்டு மணிக்கு, உள்ளே சாப்பாட்டு மணி அடித்தபோது, பழக்கத்தால் பிரித்துத் தின்றார். வெஞ்சனம் கத்தரிக்காய். பிறகு வெயில் சுவருக்கு மேலே போய், அந்தப் பக்கம் இறங்கும்வரை அங்கேயே இருந்தார்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் பஞ்சுத் தலையோடு வெளியே வந்தார்கள். கிளெமென்ட்டும் முனியப்பனும் அவரைப் பார்த்ததும் நின்றார்கள். விஷயம் உள்ளேயே தெரிந்திருந்தது. முனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்று கிளெமென்ட் அவர் சைக்கிளை எடுத்தான்.

"எப்படிடா கூட்டிட்டுப் போவ? ஒன் பாறையிலயா?" என்றார் முனியப்பன். "எறங்கு வெயிலு, ஓடையில நெழலு விழுந்திருக்கும். இங்கிட்டு வா மாப்ள."

"நேத்து மணல்ல இழுத்தது போதாதா? திரும்பறப்ப கரடு எறக்கம்தாண்ணே. காலு நோகாது."

"எறக்கத்துலதான்டா ஆளு விழுந்தாரு!"

"கிணத்துலங்கிறேன்!"

ஹேண்டில்பாரை ஒரு பக்கம் கிளெமென்ட் பிடித்திருந்தான், மறுபக்கம் முனியப்பன். இரண்டு பேரும் ராயப்பராஜைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, யாராவது ஒருவர் விடட்டும் என்று காத்திருந்தார்.