தங்கள் சௌகரியம் போல்

என்னிடம் முப்பத்தேழு அந்நிய நோட்டுகள் இருக்கின்றன. மலேயா, சயாம், சரவாக், ஹாங்காங். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் மலேயாவில் அடித்துவிட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டும் உண்டு. பார்க்கிறவர்கள் "எங்க பிடிச்சீங்க அண்ணாச்சி?" என்று வாயைப் பிளப்பார்கள். நானோ தென்காசியை விட்டுத் திருநெல்வேலியைத் தாண்டாதவன். ஒரு நோட்டுக்கும் நான் கைக்காசு கொடுத்ததில்லை. அதற்கெல்லாம் என் அக்காதான் கொடுத்தாள், தனக்கே தெரியாமல்.

ஐம்பதுகளின் நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தானுக்கு மலேயாவில், ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா வேலை. ஐந்து மாதம் இருந்துவிட்டு, "அடுத்த தையில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக் கப்பலேறினார். எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் நானும் அக்காவும்தான். நான் அப்போதுதான் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், கையெழுத்துப் போடுவாள். அவ்வளவுதான்.

அத்தானின் முதல் கடிதத்தில் ஒரு நோட்டு இருந்தது, வெள்ளி என்று அங்கே சொல்கிற மலேயா டாலர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாதபடி கார்பன் தாளில் மடித்து வைத்திருந்தார். 'உன் தம்பிக்கு வேடிக்கையாக இருக்கட்டும்' என்று ஒரு வரி. மறுநாள் அதை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அதுவரை என்னை யாரென்றே தெரியாத ஹெட் கிளார்க், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதிலிருந்த இங்கிலாந்து ராணியின் படத்தைப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் நோட்டை மைதாப் பசை போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டித் தொலைத்தேன். பசை பட்ட நோட்டு செத்த நோட்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தையும் வந்தது, அத்தான் வரவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "ஏலே, நல்லா உறைக்கிற மாதிரி எழுது. இந்த ஊரு என்னைய வாழாவெட்டின்னு பேசுது. உடனே வரச் சொல்லு. இல்ல, என்னையக் கூப்பிடச் சொல்லு." அந்த ஒரு தடவை அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். பதில் ஏழு மாதம் கழித்து வந்தது. நாலே வரி. நோட்டு இல்லை.

எனக்குக் கிடைத்த பாடம் அது. அடுத்த கடிதத்தில், எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதினேன். 'இங்கு யாவரும் சேமம். நானும் சௌக்கியமாக இருக்கிறேன். தங்கள் சௌகரியம் போல் வரவும்.' கீழே என் பங்குக்கு, 'சயாம் நோட்டு அகப்பட்டால் நலம்.' அக்கா வழக்கம்போல, "என்னலே எழுதியிருக்கே, படி" என்றாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். "ம், இது போதும்" என்று அவளே எச்சில் தொட்டு உறையை ஒட்டினாள். இரண்டே மாதத்தில் சயாம் நோட்டு வந்துவிட்டது.

அதற்கப்புறம் எல்லாக் கடிதமும் அப்படித்தான். கோபமாக எழுதினால் மனுஷன் அறுத்துக்கொண்டு போய்விடுவார், பதமாக எழுதுவதுதான் அக்காவுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தாள். "ஒரு தடவை அவங்களை எழுதச் சொல்லுவமா?" என்று அக்கா கேட்டபோது, "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு போவாதக்கா" என்று மானஸ்தன் போல அதட்டியவனும் நான்தான்.

சாரல் விழ ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆல்பத்தை நனையாமல் மெழுகுத் துணியில் சுற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போவேன். சீசனுக்கு வந்து தங்குகிற பெரிய மனுஷர்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு லாட்ஜ் வராந்தாவில் ஓய்வாக உட்கார்ந்திருப்பார்கள். "மச்சான் மலேயாவிலேருந்து அனுப்புதாரு" என்று பக்கம் பக்கமாகக் காட்டுவேன். அருவியைப் பார்க்க வந்தவர்கள் என் நோட்டைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

இப்படிப் பத்து வருஷம். அந்த ஆடியில், அத்தானோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். குடும்பத்தோடு குற்றாலத்தில் தங்கியிருப்பதாகவும், அக்காவைக் கூட்டிக்கொண்டு வரும்படியும் சொல்லி அனுப்பினார். அக்கா கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் அவள் முகம் இருந்த இருப்பை இன்னொரு தடவை நான் பார்க்கவில்லை. வெட்கம் கெட்டவன், நான் அப்போதும் ஆல்பத்தைக் கொண்டு போயிருந்தேன்.

காயாத துணிகள் தொங்கிய வராந்தாவில் எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சுற்றி வளைத்துக் கடைசியில் அவர் விஷயத்துக்கு வந்தார். அத்தானுக்கு அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள்.

"அவரு செஞ்சது தப்புதான் தங்கச்சி. நாங்க கேட்கத்தான் செஞ்சோம், ஊருக்குப் போவலையாய்யான்னு. 'கூப்பிட்டால்லா போக! ஒரே ஒரு தடவை கோவமா எழுதுனா. நான்தான் ரோசத்துல ஏழெட்டு மாசம் பதில் போடாம இருந்துட்டேன். அதோட அவளுக்கு விட்டுப்போச்சு. சௌகரியம் போல வாங்க, சௌகரியம் போல வாங்கன்னுதான் எழுதுதா. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா அடுத்த கப்பல்ல போயிருப்பேன்'னு சொல்லுதாரு."

இது சாக்கு என்பது எனக்குத் தெரியும். வர நினைக்கிறவனுக்குக் கடிதத்தில் ஒரு வரியா குறுக்கே நிற்கும்? ஆனால் அந்தச் சாக்கைத் தைத்துக் கையில் கொடுத்தவன் நான். அக்கா அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு என் மடியில் இருந்த ஆல்பத்தைப் பார்த்தாள். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, "போவமா" என்றாள்.

மறுநாள் காலையில் தகரப் பெட்டியிலிருந்து அத்தானின் கடிதங்களை எல்லாம் எடுத்தாள். "நான் சொன்னதைத்தான் நீ எழுதல. அவரு எழுதுனதையாவது ஒழுங்காப் படிச்சியாலே?"

"படிச்சேன்க்கா. சத்தியமா."

அது உண்மை. அவர் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் விழுங்கியதில்லை. ஆனால் அதை அவள் நம்புவதற்கு நான் என்ன மிச்சம் வைத்திருந்தேன்? கடிதக்கட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நிறுத்தி, கணீரென்று படித்தாள். "'மைத்துனருக்கு இத்துடன் சயாம் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். நான் இந்த வருஷம் வருவதா, அடுத்த வருஷம் வருவதா, உன் விருப்பத்தை எழுதவும்.'"



"அதுக்கு, உடனே வரச் சொல்லுன்னுதான் எழுதச் சொன்னேன் டீச்சர்" என்றாள் அக்கா. "அடுத்ததைப் படிங்க."